மணாலி–லே சாலையில் பைக் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டில் பைக்கில் ஏறக்கூடிய உச்சம் என்றால் தொட்டபெட்டா. 2,637 மீட்டர். லடாக்கின் லே நகரம் அதைவிட எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் மேலே, சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. மணாலியிலிருந்து அங்கே போகும் சாலை அதையும் தாண்டி ஏறி ஏறி இறங்குகிறது. பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்) சுமார் 4,890 மீட்டர். அடுத்து நக்கீ லா, பிறகு 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா, கடைசியில் சுமார் 5,300 மீட்டரில் தங்லங் லா. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அசராமல் ஓட்டியவர்கூட இங்கே திணறுவார். மேலே காற்று ஏறக்குறைய பாதிதான். பல இடங்களில் பனி உருகிய தண்ணீர் சாலையின் மேலேயே ஓடும். தார் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒவ்வொரு வருடமும் மாறும்.

ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை இந்த வழியில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டிக்கோ உங்களுக்கோ என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஸ்பானரை எடுப்பதற்கு முன் இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது மணி என்ன? நாம் இருக்கும் உயரம் என்ன? இந்தச் சாலையில் வண்டிக் கோளாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டில்தான் விடை இருக்கிறது.

அறிகுறி: ஜல்லியில் முன்சக்கரம் ஆடுகிறது, ஹேண்டில்பார் கையை விட்டுப் போவது போல இருக்கிறது

முதலில் பின்பக்க மூட்டையைப் பாருங்கள். கேரியரின் கடைசியில் ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன், டூல்ஸ், டென்ட் எல்லாம் தொங்கினால் முன்சக்கரத்தில் எடை குறைந்துவிடும். தாரில் இது தெரியாது. ஜல்லி வந்ததும் தெரியும். கனமானதெல்லாம் தாழ்வாகவும், முடிந்தவரை முன்னாலும் இருக்க வேண்டும். டேங்கின் இரு பக்கமும் கேன் மாட்டும் கம்பி போட்டிருந்தால் பெட்ரோலை அங்கே மாற்றிவிடுங்கள். துணிமணி பின்னால் போகட்டும்.

அப்புறம் காற்று. மணாலியில் 32 பிஎஸ்ஐ அடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறோம். டயருக்குள் இருக்கும் காற்று அதேதான், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் மேலே போகப் போகக் குறைகிறது. அதனால் தங்லங் லா போன்ற உயரத்தில் வெயிலில் நின்று அளந்தால் அதே டயர் மூன்று, நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். கடல் மட்டத்தில் அடித்த காற்றோடு வந்தால் ஏழு வரைகூடப் போகும். கல்லாகிப்போன டயர் ஜல்லியைப் பற்றாது, தாவும். ஜல்லிப் பகுதி நீளமாக இருந்தால் கம்பெனி சொன்ன அளவைவிட நான்கைந்து பிஎஸ்ஐ குறைவாக வையுங்கள். டியூப் போட்ட சக்கரம் என்றால் அதற்குமேல் குறைக்காதீர்கள். ரிம்முக்குள் டயர் நகர்ந்து வால்வோடு டியூப் கிழியும். தார் வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும். சட்டைப் பையில் ஒரு காற்று அளவி இருப்பது அவசியம்.

இரண்டும் சரியாக இருந்தும் ஆடுகிறதா? அப்படியானால் பிடியைத் தளர்த்துங்கள். ஜல்லியில் முன்சக்கரம் சற்று அலைவது இயல்பு, அதை அலைய விட வேண்டும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து, கைகளை லேசாக வைத்துக்கொண்டால் வண்டி தானாக நேராகும். பார்வை இருபது, முப்பது அடி முன்னால் போகட்டும். முன் பிரேக்கை வளைவில் தொடவே கூடாது. வேகத்தைக் கியராலும் பின் பிரேக்காலும் குறையுங்கள். பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி வண்டியில் இருந்தால் ஜல்லி இறக்கத்தில் அணைத்துக்கொள்ளலாம். தார் வந்ததும் போட மறக்காதீர்கள்.

அறிகுறி: சாலையின் குறுக்கே தண்ணீர், ஆழம் தெரியவில்லை

இதை அங்கே நாலா என்பார்கள். ஜிங்ஜிங்பாரிலிருந்து பாராலாச்சா லாவைத் தாண்டி பரத்பூர் வரை உள்ள பகுதிதான் இதற்குப் பேர்போனது. எல்லைச் சாலை அமைப்பு பெரிய பாலங்களும் சிறு பாலங்களும் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் ஒரு வெயில் நாளில் புதிதாக ஒன்று எங்கேயாவது கிளம்பிவிடும்.

இங்கே மணியைப் பார்க்க வேண்டும். இந்தத் தண்ணீர் மழைத் தண்ணீர் இல்லை, பனி உருகி வருவது. இரவில் உறைவதால் விடியற்காலையில் கணுக்கால் அளவுதான் இருக்கும். வெயில் ஏறிப் பனி உருகி, அது கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே மதியம் இரண்டு மணிக்குமேல் பெருகி, மாலையில் உச்சம் தொடும். காலை எட்டு மணிக்குச் சிறுவன்கூடத் தாண்டும் நாலாவில் மாலை நான்கு மணிக்கு லாரி மட்டுமே போகும். மதியத்துக்கு முன் நாலாக்களைத் தாண்டிவிடும்படி உங்கள் நாளை அமைத்துக்கொண்டால் இந்தத் தலைப்பின் மீதிப் பகுதி பெரும்பாலும் தேவைப்படாது.

தாண்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு காரோ லாரியோ போகட்டும். அதன் சக்கரம் எவ்வளவு முங்குகிறது, எங்கே தூக்கிப்போடுகிறது என்று கவனியுங்கள். நுரைத்துச் சலசலக்கும் இடத்தில் கல் உண்டு, ஆழம் குறைவு. சத்தமில்லாமல் கறுத்து ஓடும் இடத்தில் ஆழம் அதிகம். எந்த வண்டியும் வரவில்லை என்றால் பின்னால் உட்கார்ந்து வந்தவர் ஒரு கம்போடு நடந்து பார்க்கலாம். மணாலியில் கம்பூட்ஸ் மலிவாகக் கிடைக்கும். வாங்கி பைக்கின் பக்கத்தில் கட்டிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த ரைடிங் பூட்ஸ் நனைந்தால் அந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் காயாது.

தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தொட்டால் யோசியுங்கள். முழங்காலைத் தாண்டி வேகமாக ஓடினால் இறங்கவே இறங்காதீர்கள். பக்கத்துத் தாபாவில் தங்கிக் காலையில் தாண்டலாம்.

இறங்கும்போது: முதல் கியர், ஆக்சிலரேட்டர் ஒரே அளவில், கிளட்சை அமுக்காமல், பார்வை எதிர்க்கரையில். தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் ஓடும் பக்கமே வண்டி சாயும். பள்ளத்தாக்குப் பக்க விளிம்பில் சாலை அரித்துப்போயிருக்கும், எனவே நடுவிலோ மலைப்பக்கம் சற்று ஒதுங்கியோ போங்கள். அடியில் கல் தடுக்கினால் ஆக்சிலரேட்டரை விடக்கூடாது. விட்டால் இன்ஜின் அணைந்து சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறும். கால் ஊன்றினாலும் பரவாயில்லை, நனையட்டும்.

நடுவில் நின்றுவிட்டால் உடனே கில் ஸ்விட்சைப் போட்டு, தண்ணீர் வரும் பக்கமாக இறங்குங்கள். உதவிக்கு வருபவரும் அந்தப் பக்கமோ பின்னாலோதான் நிற்க வேண்டும். பரத்பூர் பக்கம் ஒரு பையன் நல்ல மனதோடு ஓடி வந்து பள்ளத்தாக்குப் பக்கம் நின்று ஒரு வண்டியைத் தாங்கினான். நூற்றெண்பது கிலோ வண்டியோடு தண்ணீரும் சேர்ந்து சாய்ந்தபோது அவன் கால் ஃபுட்ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். பூட்ஸ் போட்டிருந்ததால் காயத்தோடு போயிற்று.

கரையேறியதும் கொஞ்ச தூரம் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி ஓட்டுங்கள். நனைந்த பிரேக் பிடிக்காது, டிரம் பிரேக் என்றால் இன்னும் மோசம்.

அறிகுறி: தண்ணீரில் நின்ற இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃபைத் தொடாதீர்கள். இது மிக முக்கியம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அதன்பின் அந்த மலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வண்டியைத் தள்ளி மேட்டில் நிறுத்துங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்புக் குறைவு. பிளக் கேப்பில் ஈரம் இருக்கலாம். துடைத்துக் காயவைத்துப் போட்டாலே ஸ்டார்ட் ஆகும். ஃபில்டர் நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கர் இருந்தால் கிக்கராலும், இல்லாவிட்டால் செல்ஃபை விட்டு விட்டுத் தட்டியும் சுழற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பிளக்கின் தீப்பொறி பெட்ரோல் ஆவியில் படாதபடி தள்ளி வையுங்கள். தண்ணீர் வருவது நின்றதும் சில சொட்டு இன்ஜின் ஆயிலை அந்த ஓட்டையில் விட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். காகித ஃபில்டரைப் பிழியாதீர்கள், வெயிலில் வைத்தால் அந்த வறண்ட காற்றில் சீக்கிரம் காயும்.

கிளம்புவதற்கு முன் ஆயில் பார்க்கும் கண்ணாடியைக் கவனியுங்கள். ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஓட்டக்கூடாது. ஒரு லிட்டர் ஆயிலாவது கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அறிகுறி: ஏற்றத்தில் இன்ஜின் இழுக்கவில்லை

இங்கே உயரத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் இன்ஜின் சக்தி குறையும். 5,000 மீட்டருக்கு மேல் உங்கள் 350 சிசி வண்டி நம் ஊரில் 180 சிசி வண்டி இழுப்பதைப் போலத்தான் இழுக்கும். இது கோளாறு இல்லை. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. கியரைக் குறைத்து, இன்ஜினைச் சற்று வேகமாகச் சுழலவிட்டு, பொறுமையாக ஏறுங்கள். எரிச்சலில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுவதால் எதுவும் கூடாது.

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் அதிகமாகி, கறும்புகை வந்து, நிறுத்தத்தில் அணையும். ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று கூட்டுங்கள். ஏர் ஸ்க்ரூவையும் சற்றுத் திறந்து பார்க்கலாம். திரும்பி இறங்கும்போது பழைய இடத்துக்கே கொண்டுவர எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழே வந்ததும் இன்ஜின் சூடேறும்.

எந்த வண்டியானாலும் லாரிப் புழுதியில் ஒரு நாள் ஓட்டியபின் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். காற்றே குறைவாக இருக்கும் இடத்தில் அதையும் அடைத்துவைத்தால் எப்படி?

அறிகுறி: கட்டா லூப்ஸில் கருகல் வாடை, இன்ஜின் சத்தம் ஏறுகிறது ஆனால் வண்டி ஏறவில்லை

கிளட்ச். வழியில் கூடாரத் தங்குமிடமான சர்ச்சுவைத் தாண்டியதும் வரும் 21 வளைவுகளில், சக்தி குறைந்த இன்ஜினோடு, இருவர் ஏறிய வண்டியில் ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்தால் தட்டுகள் தேயும். அகலமான இடம் பார்த்து நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். லிவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கிறதா பாருங்கள். தட்டு தேயத் தேய அந்தத் தளர்ச்சி போய்விடும், பிறகு விரலை எடுத்தாலும் கிளட்ச் பாதி பிடித்தே இருக்கும். கேபிள் அட்ஜஸ்டரில் தளர்ச்சியைத் திரும்பக் கொடுங்கள். செங்குத்தான வளைவில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க நினைப்பார். 4,500 மீட்டரில் அதைச் செய்யச் சொல்லாதீர்கள். மூட்டையைக் கூட வரும் காருக்கோ வேறு வண்டிக்கோ மாற்றுவது நல்லது. வளைவுகளுக்கு இடையே குறுக்குப் பாதைகள் தெரியும். அவை இறங்கும் வண்டிகள் போட்ட தடம், அதில் ஏற முயல வேண்டாம்.

அறிகுறி: இறக்கத்தில் பிரேக் லிவர் ஹேண்டில்பார் வரை வருகிறது

தங்லங் லாவிலிருந்து ரும்ட்சே கிராமம் வரை சுமார் 30 கிமீ தூரத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்குகிறோம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழியாகும். லிவர் பஞ்சு போல ஆகிவிடும். பலமுறை வேகமாக அடித்துப் பாருங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். இரண்டாம் கியருக்கு, பிறகு முதல் கியருக்குக் குறைத்து, மலைப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். முழுதாக ஆறும்வரை காத்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணும். ஆறியபின் லிவர் கெட்டியானால் மேற்கொண்டு போகலாம். ஆகாவிட்டால் ஆயில் ஒழுகுகிறதா, உள்ளே காற்று போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. பழைய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன் புதிதாக மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம்.

அறிகுறி: காலையில், காய்ந்ததாகத் தெரியும் தாரில் சக்கரம் வழுக்குகிறது

நாலாவுக்காகச் சீக்கிரம் கிளம்புங்கள் என்றேன். அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. முந்தைய நாள் சாலையில் ஓடிய தண்ணீர் இரவில் உறைந்து கண்ணாடித் தகடாகக் கிடக்கும். ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் இறுதிக்குப் பிறகும் பாராலாச்சா, தங்லங் இரண்டு கணவாய்களிலும் வெயில் படாத வளைவுகளில் இது அதிகம். தார் ஈரமாக, சற்றுக் கூடுதலாகக் கறுத்துப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். அதன்மேல் பிரேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை, திருப்பம் இல்லை. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, இரண்டு காலையும் தரைக்கருகே வைத்துக்கொண்டு நேராகக் கடந்துபோங்கள். முடிந்தால் ஓரத்து ஜல்லியில் போங்கள். இதற்காக மட்டும் ஜல்லி தாரைவிட நல்லது.

ஆகவே ஜிஸ்பா என்ற ஊரிலிருந்து பாராலாச்சா சுமார் 50 கிமீ என்று வைத்துக்கொண்டால், காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்புவது சரியாக வரும். மேல் வளைவுகளுக்குப் போய்ச் சேரும்போது வெயில் விழுந்திருக்கும், நாலா இன்னும் பெருகியிருக்காது. நாலு மணிக்கே கிளம்புவதைப் பெருமையாக நினைக்கும் குழுக்கள் உண்டு. இருட்டும் பனிக்கட்டியும் சேர்ந்த அந்த நேரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி: காலையில் செல்ஃப் இழுக்கவில்லை

குளிரில் பேட்டரி பாதி செத்திருக்கும், ஆயிலும் கெட்டியாகியிருக்கும். ஐந்து விநாடிக்குமேல் செல்ஃபை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள். ஹெட்லைட்டை அணைக்க முடிந்தால் அணையுங்கள். சர்ச்சுவில் தங்கினால் வண்டியைக் கூடாரத்தை ஒட்டிக் காற்று படாமல், காலை வெயில் விழும் பக்கமாக நிறுத்துங்கள். சரிவில் இறக்கம் நோக்கி நிறுத்தியிருந்தால் இரண்டாம் கியரில் உருட்டியே ஸ்டார்ட் செய்துவிடலாம்.

அறிகுறி: பஞ்சர்

டியூப்லெஸ் என்றால் ஓட்டையில் பஞ்சர் திரியைச் சொருகு. டியூப் என்றால் லிவர் போட்டுக் கழற்று. இதை ஊரில் ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். மேலே கை மரத்திருக்கும், மூச்சு வாங்கும். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் பம்பின் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகும் காற்றும் குறைவு. ஊரில் அடிப்பதுபோல் இரண்டு மடங்கு அடிக்க வேண்டியிருக்கும். கைப்பம்பு வேண்டாம். கால்பம்போ, பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரசரோ கொண்டுபோங்கள்.

அலாய் ரிம் கல்லில் இடித்து நெளிந்து டியூப்லெஸ் டயரில் காற்று நிற்கவில்லையா? சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், விரிசல் விடும். உள்ளே ஒரு டியூபைப் போட்டு மெதுவாக லே வரை ஓட்டுங்கள். டியூப்லெஸ் வண்டிக்காரர்களும் இரண்டு டியூப் கொண்டுபோக வேண்டியது இதற்காக.

அறிகுறி: முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு

குழாயின் மேல் புழுதி ஒட்டி, அது சீலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எல்லா நேரமும் சீல் கிழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மேலே உள்ள தூசுத் தடுப்பு ரப்பரை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தூக்கி, பழைய ஃபிலிம் சுருளிலோ மெல்லிய பிளாஸ்டிக் அட்டையிலோ ஒரு துண்டு வெட்டி, நுனியைக் கொக்கிபோல ஆக்கி, சீலுக்கும் குழாய்க்கும் இடையே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கறுப்பாக மண்ணும் எண்ணெயும் சேர்ந்த பசை வரும். துடைத்துவிட்டு ஃபோர்க்கைப் பத்துமுறை அமுக்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒரு துணியைக் கட்டி, எண்ணெய் டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள்.

இதோடு சேர்த்துத் தினமும் மாலையில் ஸ்போக்ஸ் கம்பிகளைச் சின்ன ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது டொக்கென்று சொல்லும். அதை மட்டும் கால் சுற்று இறுக்குங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அப்போதே முடிந்துவிடும். கேரியர் போல்ட்டுகள் கழன்று விழுவது மிகச் சாதாரணம். கேபிள் டையும் கட்டுக்கம்பியும் நிறைய எடுத்துப்போங்கள். அடியில் கல் பட்டு இன்ஜின் உறையில் மெல்லிய விரிசல் விட்டு ஆயில் கசிந்தால், நன்றாகத் துடைத்து எம்சீல் பிசைந்து அப்பி, இறுகும்வரை விட்டால் லே வரை தாங்கும்.

அறிகுறி: பெட்ரோல் நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது

கீழ்க் கியரில் ஓட்டுவதால் அப்படித்தான் ஆகும். தண்டி ஊர்ப் பெட்ரோல் பங்கில் நிரப்பிவிட்டால் லேவுக்கு முன்னால் வரும் காரு என்ற ஊர் வரை எதுவும் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். அங்கே உள்ள பிரபலமான பலகை அடுத்த பங்க் 365 கிமீ என்று சொல்லும். வழக்கமான மைலேஜில் நான்கில் ஒரு பங்கைக் கழித்து, எத்தனை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்று பாருங்கள். தாபாக்களில் பாட்டிலில் விற்பது கிடைக்கும், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

அறிகுறி: தலைவலி, குமட்டல், தூக்கம் வரவில்லை

வண்டிக்கு எழுதியதைவிட இதைக் கவனமாகப் படியுங்கள். ரோத்தங் கணவாய்க்கு அடியில் செல்லும் அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. 9.02 கிமீ. கணவாயின் சேறும் நெரிசலும் நமக்கு இல்லாமல் போயின. ஆனால் முன்பு கணவாயைத் தாண்டச் செலவான அந்த ஒரு நாள் உடம்புக்கு அவகாசமாக இருந்தது. இப்போது காலையில் மணாலியில் டீ குடித்துவிட்டு மாலையில் சர்ச்சுக் கூடாரத்தில் படுக்கலாம். சுமார் 2,050 மீட்டரிலிருந்து 4,290 மீட்டருக்கு ஒரே நாளில். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. சர்ச்சுவில் இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நல்ல உடல்வலு உள்ள இளைஞர்கள். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தலைவலி மட்டும் என்றால்: மேலே ஏறாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், பாரசிட்டமால் போடலாம். மறுநாள் சரியானால் தொடரலாம். வாந்தி, நடை தள்ளாடுதல், குழப்பமான பேச்சு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், விடாத இருமல் என்றால் அது உயிருக்கு ஆபத்து. சந்தேகம் இருந்தால் ஒரு கோட்டில், ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அவரைப் பைக் ஓட்ட விடக்கூடாது. காரிலோ லாரியிலோ ஏற்றி, ஆக்சிஜன் இருந்தால் கொடுத்தபடி, இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

எந்தப் பக்கம் இறங்குவது? இந்தச் சாலையின் பெரிய சிக்கலே அதுதான். சர்ச்சுவிலிருந்து லே பக்கம் போனால் இரண்டு கணவாய்கள் ஏறி, இறங்கும் இடமான பாங் சர்ச்சுவைவிட உயரம், சுமார் 4,600 மீட்டர். மணாலி பக்கம் திரும்பினாலும் பாராலாச்சாவை ஒருமுறை தாண்ட வேண்டும். ஆனால் அதைத் தாண்டினால் ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர்தான். ஆகவே சர்ச்சுவில் மோசமானால் ஜிஸ்பா, கேலாங் பக்கம் திரும்புங்கள். பாங்கைத் தாண்டியபின் மோசமானால் லே பக்கம் போங்கள். பாங்கிலேயே என்றால் அங்கே ராணுவ முகாம் இருக்கிறது, தயங்காமல் உதவி கேளுங்கள்.

தடுக்க வழி: கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். நடுநாளில் மேலே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து அங்கேயே தூங்குங்கள். விடுமுறை அதிகம் இருந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே போய், மணாலி வழியாகத் திரும்புவது இன்னும் நல்லது. அந்த வழி உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரும். உயர்ந்த கணவாய்களுக்கு வரும்போது உடம்பு பழகியிருக்கும். முன்கூட்டியே போடும் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிரீபெய்டு சிம் நம் ஊருடையது லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். சர்ச்சுவுக்கும் பாங்குக்கும் இடையில் அதையும் நம்ப வேண்டாம்.

அறிகுறி: எதிரே வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, மண் சரிந்திருக்கிறது

வரிசையைத் தாண்டி முன்னால் போய் நிற்காதீர்கள். ஒரு சரிவு விழுந்த இடத்தில் இன்னொன்று விழும். மேலே சரிவில் புதிய மண்ணின் நிறம் தெரியாத இடமாகப் பார்த்து, மலைச்சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். டோசர் வேலை செய்யும்போது பைக் மட்டும் நுழையலாம் என்று யாராவது கையசைப்பார்கள். டோசர் ஓட்டுநரோ சாலைப் பணியாளரோ சொன்னால் மட்டும் போங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கி வரும் நாம்தான் ஒதுங்க வேண்டும். ராணுவ வரிசை வந்தால் முழுதும் போகட்டும், இடையில் புகாதீர்கள். புழுதியில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போவதைவிட ஹார்ன் அடித்துக் காத்திருந்தால் ஓட்டுநர் கையாலோ இண்டிகேட்டராலோ வழி காட்டுவார். அந்தச் சாலையின் லாரி ஓட்டுநர்கள் இதில் மிக நம்பகமானவர்கள்.

அறிகுறி: எதுவுமே இல்லை, சாலை அருமையாக இருக்கிறது

பாங்குக்கு மேல் ஏறியதும் மூரே சமவெளி, சுமார் 40 கிமீ நேர்க்கோட்டுச் சாலை. ரும்ட்சேவுக்குக் கீழே சிந்து நதியை நோக்கி நல்ல தார். இந்த இரண்டு இடங்களிலும் வேகமானி எங்கேயோ போகும். சமவெளியில் தார் திடீரென்று முடிந்து மணல் தொடங்கும் இடங்கள் இருக்கலாம். மணலில் வேகத்தோடு இறங்கிப் பிரேக் அடித்தால் முன்சக்கரம் புதைந்து வண்டி சுற்றும். மணலைக் கண்டால் தாரிலேயே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், உடலைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். ரும்ட்சேவுக்குக் கீழே வேறு பிரச்சினை. நாள் முழுக்கக் குறைந்த ஆக்சிஜனில் ஓட்டிய மூளை மெதுவாக இருக்கும், அது நமக்குத் தெரியாது. உப்ஷியில் அரை மணி நேரம் நிறுத்தி, சூடாக ஏதாவது சாப்பிட்டு, ஜல்லிக்காகக் குறைத்த டயர் காற்றைத் திரும்ப அடித்துவிட்டு, ஏபிஎஸ் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு லேவுக்குக் கிளம்புங்கள்.